பட்டம் வந்துவிட்டது, பதிவெண் வரவில்லை

ரிசல்ட் வந்த அன்று வீட்டில் எல்லோரும் "இனி நீ நர்ஸ்" என்றார்கள். நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து எண் வாங்கும்வரை அந்தப் பெயர் செல்லாது, யாரும் வேலைக்கும் எடுக்க மாட்டார்கள். நாலு வருடப் படிப்பு, நைட் டூட்டி, பார்மகாலஜி எல்லாம் எப்படியோ ஓடிவிட்டன. நான் மாட்டிக்கொண்டது லாக் புக்கின் ஒரே பக்கத்தில்.

பதிவுக்கு மார்க் ஷீட் மட்டும் போதாது. எந்த வார்டில் எத்தனை மணி நேரம் இருந்தோம், என்னென்ன கேஸ் பார்த்தோம் என்று கல்லூரி சான்று தர வேண்டும். அதற்கு ஆதாரம் லாக் புக்தான். என்னுடையதில் ஆறு பிரசவங்களுக்கு எதிரே கையெழுத்துக் கட்டம் காலி. விடியற்காலை மூன்றரை மணிக்குக் குழந்தை பிறந்து, முதல் நிமிடமும் ஐந்தாவது நிமிடமும் அப்கார் (பிறந்த குழந்தையின் நிலைக்கான மதிப்பெண்) போட்டு, நஞ்சுக்கொடி முழுசாக வந்துவிட்டதா என்று திருப்பிப் பார்த்து முடிப்பதற்குள், கையெழுத்துப் போட வேண்டிய சிஸ்டர் அடுத்த கட்டிலுக்கு ஓடியிருப்பார். காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடுவேன். ஆறு தடவை அப்படி விட்டிருக்கிறேன். அந்த சிஸ்டர் இப்போது வேலை மாறிப் போய்விட்டார்.

கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "கையெழுத்து இல்லன்னா கேஸே இல்லம்மா" என்றார். வேறு யார் போடலாம் என்று கேட்டேன். "அத நீங்கதான் பாத்துக்கணும்." இரண்டாம் முறை போனபோது அவர் லீவு. மூன்றாம் முறை போனால் என் ஃபைல் வைத்த இடத்திலேயே கிடந்தது, மேலே டீ டம்ளர் வட்டத்தோடு.

"நீயே ஒரு கிறுக்கல் போட்டுடு, யார் பார்க்கப் போறா" என்றாள் கூடப் படித்தவள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். காலிக் கட்டத்தால் பதிவு தாமதமாகும், அவ்வளவுதான். போலிக் கையெழுத்து என்று தெரிந்தால் பதிவே கிடைக்காமல் போகலாம்.

என்னைக் காப்பாற்றியது பாக்கெட் டைரி. ஒவ்வொரு கேஸுக்கும் தேதி, நேரம், பிரசவ அறை ரிஜிஸ்டரின் வரிசை எண் மூன்றும் குறித்திருந்தேன். நோயாளி பெயர் எழுதவில்லை, எழுதவும் கூடாது. டைரியோடு வார்டு இன்சார்ஜிடம் போனேன். பழைய ரிஜிஸ்டரை எடுத்து வரிவரியாகப் பார்த்தார். ஐந்து பிரசவங்களில் மாணவி என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. ஆறாவதைக் காணோம். வயிறு கலங்கிவிட்டது. வரிசை எண்ணை ஒன்று தள்ளிக் குறித்திருக்கிறேன், அடுத்த வரியிலேயே இருந்தது! அவர் தந்த கடிதத்தை வைத்து எங்கள் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்திட்டார்.

ஹெபடைட்டிஸ் பி ஊசியிலும் கவனம் வேண்டும். 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். நான் மூன்றாவதை மறந்ததால், முதல் போஸ்டிங்கில் என்னை வார்டுக்குள்ளேயே விடவில்லை. முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட டோஸைப் போட்டால் போதும். ஆனால் ஊசி பலித்ததா என்று பார்க்கும் ஆன்டிபாடி ரத்த டெஸ்ட்டை அதற்கு ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். அதில் அளவு 10-க்குக் கீழே வந்தால் மறுபடி ஊசி.

ட்ரான்ஸ்கிரிப்ட் (மொத்த மார்க் விவரச் சான்று) சீல் வைத்த கவரில் வந்தால் பிரிக்காதீர்கள். மார்க் சரியாக இருக்கிறதா என்று ஆசையாகப் பிரித்துப் பார்த்த தோழி ஒருத்தி மறுபடி பணம் கட்டி வேறு வாங்கினாள்.

அப்புறம் காத்திருப்பு. அந்த நாட்களில்தான் படித்தேன்: செவிலியர் பதிவுக்கென்று தனிச் சட்டம் முதலில் போட்டது நியூசிலாந்து, 1901-ல். அடுத்த ஆண்டு பட்டியலில் முதல் பெயர் எல்லன் டோஹர்ட்டி. அவருடைய லாக் புக்கை யார் சரிபார்த்தார்களோ!

ஐந்தாவது மாதம் எண் வந்தது. பதிவைப் புதுப்பிக்கும்போது தொடர்கல்வி மணி நேரக் கணக்குக் கேட்பார்கள் என்றார்கள். அன்று மாலையே அதற்கு ஒரு ஃபைல் வாங்கிவிட்டேன்.