பாதம் கழுவிய வாரம்

13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு

பவனிக்குப் போக முடியவில்லை. வலது காலில் மாவுக்கட்டு போட்டு ஐந்து வாரம் ஆகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இருதய ஆண்டவர் கோயிலிலிருந்து குருத்தோலை கொண்டுவந்து கொடுத்தார்.

குளியலறைப் படியில் மகன் கை நீட்டினான். வேண்டாம் என்று சுவரைப் பிடித்து இறங்கினேன். வாத்தியாராகவே வாழ்ந்தவனுக்கு, ஆட்டோ ஓட்டுகிற மகனிடம் கை கொடுக்க மனம் வரவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

15 ஏப்ரல்

கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஆடுசதை வற்றி, தோல் செதில் செதிலாக உரிகிறது. கிட்டே போனால் வாடை.

17 ஏப்ரல், பெரிய வியாழன்

போன ஆண்டு இதே மாலை, கோயிலில் பாதம் கழுவும் சடங்குக்காகப் பன்னிருவரில் ஒருவனாகப் பீடத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். நகம் வெட்டி, சோப்புப் போட்டு, வீட்டிலேயே இரண்டு முறை கழுவிய காலைத்தான் பங்குத்தந்தையிடம் நீட்டினேன்.

இன்று யோவான் 13ஆம் அதிகாரம் வாசித்தேன். மற்ற மூன்று நற்செய்தியாளரும் அப்பத்தையும் கிண்ணத்தையும் சொல்கிற இராவுணவில், இயேசு சீடர்களின் பாதம் கழுவிய துண்டையும் தண்ணீரையும் யோவான் வைக்கிறார். பிறருக்குக் குனிவதுதான் சீடத்துவம் என்று பங்கின் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். சீடர் பேதுரு தன் காலைக் கழுவ விடாமல் மறுத்தது இன்றுதான் உறைத்தது. கழுவ விடாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்கிறார் இயேசு. கொடுக்கிற இடத்திலேயே இருக்க விரும்புகிறவனுக்குச் சொன்ன வார்த்தை அது. எனக்கும்தான்.

இரவு மகன் சவாரி முடித்து வந்தான். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல், பேசினில் வெந்நீர் விளாவி, முழங்கையால் சூடு பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"நானே கழுவிக்கொள்கிறேன்."

"உங்களால் குனிய முடியாதுப்பா."

விரல் இடுக்குகளில் ஒட்டியிருந்த மாவை ஊறவைத்து, நகம் படாமல் எடுத்தான். தண்ணீர் கலங்கிப் பால் நிறமாயிற்று. அவன் முகம் சுளிக்கவில்லை. நான் காலை இழுக்கவில்லை. துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவியபோதுதான் கவனித்தேன், ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி அவன் வலது உள்ளங்கை காய்த்துப்போயிருக்கிறது.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

நேற்று திருத்தந்தை பிரான்சிஸ் ரோமில் ரெஜினா செய்லி சிறைக்குப் போயிருக்கிறார். உடல் நலிவால் இந்த ஆண்டு கைதிகளின் பாதம் கழுவ முடியவில்லை. இருந்தும் போய் அவர்களோடு இருந்திருக்கிறார். 2013இல் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே சிறார் சிறையில் மண்டியிட்டவர். செய்ய முடியாததை மறைக்காமல் போய் நின்றாரே, அதை நினைத்துக்கொண்டே சிலுவைப்பாதை ஜெபம் சொன்னேன்.

21 ஏப்ரல்

மதியம் செய்தி வந்தது. திருத்தந்தை இறந்துவிட்டார். அழுதேன்.

மாலையில் கோயிலுக்குப் போக வேண்டும் என்றேன். தெற்கு புல்வார் சாலை வழியாக மகன் ஆட்டோவில் போனோம். இதற்குமுன் அந்த வண்டியில் நான் கோயில் வாசலில் இறங்கியதில்லை. அவன் கை நீட்டவில்லை. ஊன்றுகோலை எடுத்துத் தந்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"கையைக் கொடுப்பா" என்றேன்.