மாலை 4 மணிக்கு அழுத்தம் இறங்கினால் புயலா?

 

அழுத்தமானி (காற்றழுத்தம் அளக்கும் கருவி) பார்ப்பவர்கள் ஏமாறுவது தினசரி ஏற்ற இறக்கத்தில். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும்: காலையும் இரவும் 10 மணிவாக்கில் உச்சம், அதிகாலையும் மாலையும் 4 மணிவாக்கில் தாழ்வு. பகலில் 3 மில்லிபார் (காற்றழுத்த அலகு) வரை இறங்குவது சாதாரணம். வெயிலை ஓசோனும் நீராவியும் உறிஞ்சுவதால் எழும் காற்றழுத்த அலை அது.

ஆகவே இன்றைய 4 மணியை நேற்றைய 4 மணியோடுதான் ஒப்பிட வேண்டும். கைபேசியின் அழுத்த உணரியென்றால் ஒரே மாடியில் வைத்துப் பாருங்கள். 8 மீட்டர் ஏறினாலே 1 மில்லிபார் போய்விடும். நேற்றைய அதே நேரத்தைவிட 3 மில்லிபார் குறைந்தால் கவனம். 5 குறைந்தால் படகை அவிழ்க்காதீர்கள்.