ஆறு புள்ளி ஏறியும் 31

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான். கூட வேலை பார்ப்பவன், வீடு தேடிக்கொண்டிருக்கிறான். "அண்ணா, வீடு சூப்பரா இருக்கு, விலையும் கட்டுப்படியாகுது, ஆனா ஸ்கூல் ரேட்டிங் 10க்கு 4. வேணாம்னு விட்டுடலாமா?" அமெரிக்காவில் வீடு வாங்கிய நம் ஆட்கள் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு போன் கதை இருக்கும். இங்கே பெரும்பாலும் வீடு இருக்கும் பேட்டையை வைத்துத்தான் பிள்ளைக்கு எந்தப் பொதுப் பள்ளி என்பது முடிவாகும். சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த எண்ணைப் பார்த்திருப்போம். நானும் அப்படித்தான் வாங்கினேன், அதனால் அவனைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

அந்த 4 எதை வைத்துப் போட்டது என்று கேட்டேன். பிள்ளைகள் மாநிலத் தேர்வில் வாங்கிய மார்க்கை வைத்துத்தான் பெரும்பாலும் என்றான். சரி, அந்த மார்க் எங்கிருந்து வந்தது? இங்கே மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. அப்போது பிள்ளைக்கு எட்டு வயது ஆகிவிட்டது. அந்த எட்டு வருடத்தில் வீட்டில் யார் கதை படித்துக் காட்டினார்கள், எந்த ப்ரீஸ்கூலுக்கு அனுப்பினார்கள், வாடகை கட்ட முடியாமல் எத்தனை முறை வீடு மாறினார்கள் என்பதெல்லாம் முதல் தேர்விலேயே வந்து உட்கார்ந்துவிடும். வசதியான பேட்டையில் பள்ளிக்கூடம் தூங்கிக்கொண்டிருந்தாலும் 9 வரும், டியூஷன் செண்டர்கள் பார்த்துக்கொள்ளும்.

சிகாகோ கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஊர்ப் பொதுப் பள்ளிகள் என்றாலே உதட்டைப் பிதுக்குவார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஷான் ரியர்டன் என்ற பேராசிரியர் நாடு முழுவதும் உள்ள தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து பார்த்தார். மூன்றாம் வகுப்பில் சிகாகோ பிள்ளைகள் தேசிய சராசரிக்குக் கீழே. ஆனால் மூன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான ஐந்து வருடத்தில் ஏறக்குறைய ஆறு வருடப் படிப்பைத் தாண்டியிருந்தார்கள். மார்க்கை மட்டும் பார்த்தால் தோற்ற பள்ளிகள், நகர்ந்த தூரத்தைப் பார்த்தால் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்பவை.

இந்தத் தூரத்தைத்தான் 'வளர்ச்சி' என்று அளக்கிறார்கள். 2002-இல் புஷ் கையெழுத்திட்ட சட்டம் வேறு மாதிரி கேட்டது: 3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்பிலும் வருடாவருடம் தேர்வு, 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும், ஆமாம் நூற்றுக்கு நூறு பேரும், தேர்ச்சிக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். கோடு மட்டும்தான் கணக்கு என்றால் என்ன நடக்கும்? கோட்டுக்கு இரண்டு புள்ளி கீழே நிற்பவனுக்குத் தனி வகுப்பு நடக்கும். ரொம்பக் கீழே இருப்பவன் எவ்வளவு முன்னேறினாலும் பள்ளிக்குப் பிரயோஜனமில்லை, ஏற்கெனவே தாண்டிவிட்டவனைப் பற்றிக் கவலையே வேண்டாம். 2015-இல் சட்டம் மாறி மாநிலங்கள் கையில் கொஞ்சம் அதிகாரம் வந்ததும், பெரும்பாலானவை வளர்ச்சியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டன.

இதெல்லாம் எனக்கு உறைத்தது மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது. தபாலில் வந்த ரிப்போர்ட்டில் கணக்கில் போன வருடத்தைவிட ஆறு புள்ளி கூட. இனிப்பு செய்யலாம் என்று நினைக்கும்போதே கீழே சின்னப் பெட்டியில் 'வளர்ச்சி பெர்சன்டைல் 31' என்று இருந்தது. ஏறித்தானே இருக்கிறாள், அப்புறம் என்ன 31? மூன்று தடவை படித்த பிறகுதான் புரிந்தது. போன வருடம் இவளைப் போலவே மார்க் வாங்கிய பிள்ளைகளை மாநிலம் முழுக்கத் திரட்டி வரிசையில் நிறுத்தினால், இந்த வருடம் அவர்களில் 31 சதவீதம் பேரைத்தான் இவள் முந்தியிருக்கிறாள். எல்லோரும் ஓடும் மைதானத்தில் இவள் நடந்திருக்கிறாள். கொலராடோவில் பிரபலமாகிப் பல மாநிலங்களுக்குப் பரவிய முறை இது. ஒரு பள்ளியின் பிள்ளைகள் எல்லோருடைய எண்ணையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் அதுதான் பள்ளியின் வளர்ச்சி எண். அந்த வருட ஆசிரியையைப் பற்றி நான் மனைவியிடம் என்னவெல்லாமோ பேசினேன்.

அடுத்த வருடம் அவளுக்கு 64. வீட்டில் எதுவும் மாறவில்லை. ஐந்தாம் வகுப்புத் தேர்வன்று அவளுக்குச் சளி என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒரு தேர்விலேயே கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், இரண்டு தேர்வுகளைக் கழித்துப் பார்க்கும்போது இரண்டின் பிழையும் சேர்ந்துகொள்ளும். போதாததற்கு, போன வருடம் சளியில் சறுக்கிய பிள்ளைக்கு இந்த வருடம் சும்மாவே வளர்ச்சி கூடித் தெரியும். ஆறாம் வகுப்பு ஆசிரியர் அந்த 64-க்காக மார்தட்டியிருந்தால் அதிலும் பாதி சளியின் புண்ணியம்தான். 400 பிள்ளைகள் என்றால் இந்த ஆட்டம் ஓரளவு அடங்கிவிடும். 20 பிள்ளைகள் இருக்கும் ஒரே வகுப்பில் அடங்காது.

அந்த 20 பிள்ளைகளை வைத்து ஆசிரியருக்கு மார்க் போடக் கிளம்பியதுதான் பெரிய கூத்து. நியூயார்க் மாநிலத்தில் நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவருக்கு வளர்ச்சிக்கான மார்க் ஒரு வருடம் 20க்கு 14, அடுத்த வருடம் 20க்கு 1. பிள்ளைகளின் தேர்ச்சி இரண்டு வருடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் வழக்குப் போட்டார், 2016-இல் நீதிபதி அந்த மதிப்பீட்டைத் தள்ளுபடி செய்தார். ஹூஸ்டனில் ஆசிரியர்கள் கேட்டது இன்னும் எளிமையான கேள்வி: எங்களுக்கு மார்க் போடும் கணக்கை எங்களுக்கே காட்ட மாட்டீர்களா? சூத்திரம் தனியார் கம்பெனியின் ரகசியம் என்றார்கள். சரிபார்க்கவே முடியாத எண்ணை வைத்து ஒருவர் வேலையைப் பறிக்கலாமா என்பது விசாரிக்க வேண்டிய விஷயம்தான் என்று 2017-இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது, அதே வருடம் அந்த ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் சமரசத்துக்கு வந்துவிட்டது.

இன்னொரு ஓட்டையும் உண்டு, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. பெர்சன்டைல் என்பது ஒப்பீடு. அந்தந்த வருடத்துப் பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிட்டால் மாநிலமே சேர்ந்து சறுக்கினாலும் நடுவில் இருப்பவன் 50-தான். கொரோனாவுக்குப் பிறகு எத்தனையோ பெற்றோர் 50-ஐப் பார்த்து நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். அப்புறம், மூன்று வகுப்பு பின்தங்கிய பிள்ளைக்கு 55 வந்தால் அது நல்ல செய்திதான், ஆனால் அந்த வேகத்தில் போனால் பள்ளியை முடிக்கும்போதும் அவன் பின்னால்தான் நிற்பான். அதனால் மார்க்கைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்லவில்லை. பள்ளியின் காதைத் திருக வேண்டுமானால் மூன்று வருட வளர்ச்சியைச் சேர்த்துப் பார்த்துவிட்டுத் திருகுங்கள் என்கிறேன்.

தம்பியிடம் இவ்வளவும் சொல்லவில்லை, மாநில இணையதளத்தில் அந்தப் பள்ளியின் வளர்ச்சி எண்ணைப் பார் என்று மட்டும் சொன்னேன். பார்த்தான். மூன்று வருடமும் 58, 61, 60. ஆனால் நான்காம் வகுப்புக் கணக்கில் மட்டும் மூன்று வருடமும் 30-ஐ ஒட்டி. பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போனபோது தலைமை ஆசிரியையிடம் அதையே கேட்டிருக்கிறான். அந்த அம்மா சங்கடப்படவே இல்லையாம். "இந்தக் கேள்வியை நான் மூன்று வருடமாக மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றாராம். நான்காம் வகுப்பில் ஓர் இடம் காலியாகி மூன்று வருடமாக நிரப்பவில்லை, மாற்று ஆசிரியர்களை வைத்தே ஓட்டுகிறார்கள்.

அடுத்த மாவட்டக் கல்விக் குழுக் கூட்டம் எப்போது என்று தம்பி விசாரித்துக்கொண்டிருக்கிறான். வீட்டுக்கு இன்னும் அட்வான்ஸ்கூடக் கொடுக்கவில்லை.