மாற்றுத்திறனாளி உதவித்தொகை: மருத்துவ போர்டுக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாமாதம் பணம் வருவது இரண்டு இடங்களிலிருந்து. எந்த இடத்தில் எழுதிப்போடுவது என்று தெரியாமலேயே பல குடும்பங்கள் அலைகின்றன.

முதலாவது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை. 2023 ஜனவரியில் இது மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோய் பாதிப்பு உள்ளவர்களுக்கு ஊனம் 40 சதவீதம் இருந்தால் போதும். ‘கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்’ என்ற வகையில் வர 75 சதவீதம் வேண்டும். இரண்டாவது, வருவாய்த்துறை தாலுகா அலுவலகம் வழியாகத் தரும் ஓய்வூதியம். அதே ஜனவரியில் அது 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. ஒருவர் இரண்டையும் வாங்க முடியாது. 2,000க்குத் தகுதி இருக்கும்போது, பக்கத்தில் இருக்கிறதே என்று தாலுகாவில் எழுதிப்போட்டு 1,500 வாங்கிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. பிறகு மாற வேண்டுமானால், தாலுகாவில் நிறுத்தியதற்கான ஆதாரத்தை நலத்துறையில் காட்ட வேண்டியிருக்கும்.

எதற்கும் அடிப்படை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடி அட்டைதான். 2021 ஜூன் 1 முதல் ஊனச் சான்றிதழ் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளம் வழியாக மட்டுமே வழங்கப்படுகிறது. பழைய அடையாள அட்டைப் புத்தகம் வைத்திருப்பவர்களும் அந்தத் தளத்தில் பதிந்தாக வேண்டும். இ-சேவை மையத்தில் பதிபவர் அவசரத்தில் செய்யும் பிழைகளில் மோசமானது பெயர். ஆதாரில் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும், பாஸ்புக்கில் முன்னால் இருக்கும், ரேஷன் கார்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். பதிவதற்கு முன்பே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆதாரில் எப்படியோ அப்படியே எழுத்துக்கு எழுத்து பதியச் சொல்லுங்கள். மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். காது கேளாமைக்கு ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுக்கும் வசதியும், அறிவுசார் குறைபாட்டுக்கு உளவியல் மதிப்பீடு செய்பவரும் இருக்கும் அரசு மருத்துவமனையா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே தேங்கும்.

2024 அக்டோபரில் திருத்திய விதிப்படி சான்றிதழ் தர 3 மாதம் அவகாசம். விண்ணப்பித்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்து 2 ஆண்டு கடந்தால் விண்ணப்பம் காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்துதான்.

ஊனச் சதவீதம் முடிவாவது மருத்துவ போர்டில். அறிவுசார் குறைபாட்டுக்கு விஎஸ்எம்எஸ் என்ற மதிப்பீடு செய்வார்கள்; அன்றாட வேலைகளைத் தானே எவ்வளவு செய்துகொள்கிறார் என்று அளப்பது அது. அதில் கேள்விகள் பெற்றோரிடம்தான். ‘தானே சாப்பிடுவானா? சட்டை போடுவானா? தனியாகக் கடைக்குப் போய் வருவானா?’ பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராமல் அம்மா ‘எல்லாம் செய்வான் சார்’ என்பார். உண்மையில் சட்டையை எடுத்துக் கையில் கொடுப்பது, வலது இடது பார்த்து மாட்டிவிடுவது, பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துத் தருவது எல்லாம் அவர்தான். மீதிப் பொத்தானை வெளியே இழுப்பது மட்டும் பிள்ளை. இதைச் ‘செய்வான்’ என்று சொன்னால் மதிப்பெண் ஏறும். 55 முதல் 69 வரை என்றால் 50 சதவீதம். 70 ஆகிவிட்டால் 25 சதவீதம். உதவித்தொகைக்கான தகுதியே போய்விடும். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். போவதற்கு முந்தைய வாரம், காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எதை யார் செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சிறப்புப் பள்ளி ஆசிரியரின் குறிப்பு இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்வையில் பலருக்கு ஏமாற்றம் வரும் இடம் ஒன்று. ஒரு கண் முழுதும் தெரியாமல், மறு கண் சரியாக இருந்தால் 30 சதவீதம்தான். 40ஐத் தொடாது. கண்ணாடி போட்ட பிறகு தெரியும் பார்வையைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்பதால் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போவதில் பயனில்லை. அதேபோல இரண்டு குறைபாடு இருந்தால் சதவீதங்களை அப்படியே கூட்ட மாட்டார்கள். அதற்கு ஒரு சூத்திரம் உண்டு. 30ம் 20ம் சேர்ந்து 50 ஆகாது.

சான்றிதழ் வந்ததும் சதவீதம், குறைபாட்டின் பெயர், நிரந்தரமா தற்காலிகமா என்ற மூன்றையும் பாருங்கள். அட்டையின் நிறமும் சொல்லும்: 40க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். சதவீதம் தவறு என்று தோன்றினால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை அது; மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

அதன் பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். யூடிஐடி அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், புகைப்படம் ஆகியவற்றோடு, வேறு உதவித்தொகை வாங்கவில்லை என்று விஏஓவிடம் சான்று கேட்பதும் உண்டு. கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். தகுதி இருந்தும் நிதி ஒதுக்கீடு வரும்வரை காத்திருப்போர் பட்டியலில் பெயர் நிற்கலாம். அப்போது பட்டியலில் எத்தனையாவது என்று கேட்க அந்த ரசீது எண்தான் கைகொடுக்கும். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் அதே எண்ணைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள்.

வந்துகொண்டிருந்த பணம் திடீரென்று நின்றால் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: அந்த ஆண்டின் வாழ்நாள் சான்று கொடுத்தாயிற்றா, வங்கிக் கணக்கு முடங்கியிருக்கிறதா. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சான்றிதழை 5, 10, 18 வயதில் புதுப்பிக்க வேண்டும். 18இல் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். சட்டப்படி அவர் மேஜர் என்பதால் வங்கியில் பெற்றோர் கையெழுத்து செல்லாமல் போகலாம். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். பதினெட்டாவது பிறந்தநாளுக்குச் சில மாதம் முன்பே தாள்களைத் தயாராக வைத்துக்கொண்டால் இடையில் பணம் நிற்காது.