பச்சை ஜன்னலும் வாட்டர் பேப்பரும்

கும்பகோணத்தில் எங்கள் பூர்வீக வீட்டு ஜன்னல்களைச் சுரண்டி, உள்ளே இருக்கும் தேக்கை வெளியே கொண்டுவர வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் போய் ஒவ்வொன்றாகக் கை வைக்கிறேன். முதலில் பெயிண்டில் காரீயம் (லெட் என்கிற நச்சு உலோகம்) இருக்கிறதா என்று சோதிக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அதெல்லாம் அமெரிக்காக்காரர்கள் வீடு வாங்கும்போது படும் கவலை என்பது அவர்கள் எண்ணம்.

அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் காரீயத்துக்குத் தடை வந்தது 1978-இல். நம் நாட்டில் அதற்கான விதியை 2016 நவம்பர் 1-ஆம் தேதி வெளியிட்டு, ஓராண்டு அவகாசம் கொடுத்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வரம்பு பத்து லட்சத்தில் 90 பங்கு. ஆகவே இந்த விஷயத்தில் ‘பழைய வீடு’ என்று சொல்லத் தாத்தா காலம்வரை போக வேண்டியதில்லை. 2015-இல் கிரகப்பிரவேசம் செய்த அடுக்குமாடி வீட்டு பால்கனி கிரில்லும் கணக்கில் வரும். பெரிய கம்பெனிகள் சில அதற்கு முன்பே தாமாகவே காரீயத்தை விட்டுவிட்டன என்பது உண்மைதான். காய்ந்துபோன பூச்சைப் பார்த்து எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்று யார் சொல்ல முடியும்?

சுவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு கண்டவை. மரத்திலும் இரும்பிலும் அடித்த எனாமல்தான் பார்க்க வேண்டியது. கூடத்து ஜன்னலின் ஓரத்தில், கண்ணில் படாத இடமாகப் பார்த்து, பிளேடால் சாய்வாக ஒரு வெட்டுப் போட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேலே அரக்குப் பழுப்பு. அதன் கீழ் மெல்லிய சாம்பல். அப்புறம் வானநீலம், அது என் அத்தை கல்யாணத்துக்கு அடித்தது என்று அம்மா சொல்கிறார். நீலத்துக்குக் கீழே கெட்டியாக இரண்டு தடவை பச்சை, தஞ்சாவூர் ஜில்லாவில் எல்லா வீட்டு ஜன்னலுக்கும் ஒரு காலத்தில் இருந்த அதே பச்சை. மரத்தை ஒட்டி வெளிறிய இளஞ்சிவப்பில் பிரைமர். எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

பச்சையைக் கண்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் காலத்துப் பச்சை பெரும்பாலும் லெட் குரோமேட் என்ற மஞ்சளையும் பிரஷ்யன் நீலத்தையும் கலந்து செய்தது. பங்களாதேஷில் மஞ்சள் கிழங்குக்கு நிறம் ஏற்றப் பூசிப் பிடிபட்டதும் இதே லெட் குரோமேட்தான். பழைய இளஞ்சிவப்பு மர பிரைமரில் வெள்ளை, சிவப்பு என இரண்டு வகைக் காரீயச் சேர்மமும் போடுவது வழக்கம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை சோடியம் சல்பைடு. தோல் பதனிடும் ஷெட்களில் முடி நீக்கப் போடும் சரக்கு அது. ஆறு முதல் எட்டு சதவீதக் கரைசலாக ஒரு சொட்டு வைத்தால், காரீயம் இருக்கும் இடம் கறுக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், தோலை அரிக்கும், அமிலம் எதனுடனாவது கலந்தால் விஷ வாயு வரும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு முற்றத்தில்தான் செய்தேன். பிரைமர் கீற்று சில விநாடிகளில் மை தடவியதுபோல் ஆகிவிட்டது. பச்சையில் கறுப்பு ஏறியதா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. ஜன்னல் கம்பியில் இந்தச் சோதனை செல்லாது. இரும்பும் சல்பைடில் கறுக்கும். கடைகளில் கிடைக்கும் குச்சி வடிவக் கிட் சிவப்பு நிறம் காட்டும் வகை. சிவப்புப் பெயிண்டில் தேய்த்தால் சாயமே குச்சியில் ஒட்டிக்கொண்டு நம்மை ஏமாற்றும்.

கடைசியில் எல்லா அடுக்கும் வருகிறாற்போல் கொஞ்சம் செதில் எடுத்துச் சென்னையில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். 90 இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இலக்கத்தில் எண் வந்தது. வீட்டில் சிரிப்பு நின்றது அதன் பிறகுதான். (நகைக்கடையில் தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் எந்திரமும் எக்ஸ் கதிர் முறையில்தான் வேலை செய்கிறது, அதைக் காட்டிப் பார்க்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். தங்கத்துக்கு அளவு திருத்திய எந்திரம் பெயிண்டுக்குச் சொல்லும் எண்ணை நம்ப முடியாது.)

ஒட்டியபடி முழுசாக இருக்கும் பூச்சு யாரையும் ஒன்றும் செய்வதில்லை. தூளானால்தான் ஆபத்து. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்துக் கண் மருத்துவர் ஜான் லாக்ஹார்ட் கிப்சன் 1904-இலேயே இதை எழுதியிருக்கிறார். அங்கே பிள்ளைகளுக்கு வந்த காரீய நோய்க்குக் காரணம் தாழ்வாரக் கைப்பிடிகளின் பெயிண்ட் என்று அவர் கண்டுபிடித்தார். வெயிலில் பூச்சு மாவாகப் பொரிந்து கையில் ஒட்டும். நகம் கடிக்கும், விரல் சூப்பும் பிள்ளைகளின் வயிற்றுக்குள் அப்படியே போகும். வெயிலும் மரத் தாழ்வாரமும் நமக்கும் உண்டு. போதாததற்கு நம் ஜன்னலில் மேலே இரண்டு, கீழே இரண்டு கதவுகள். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் ஓரங்கள் உரசி மாவாகி, கீழே திண்டில் உதிரும். அக்காவின் குழந்தை ஊருக்கு வந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்காரும் இடம் அந்தத் திண்டுதான். விழுங்கும் காரீயத்தில் பெரியவர்கள் உடலில் சேர்வதைப்போல நான்கைந்து மடங்கு பிள்ளைகள் உடலில் சேரும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தையென்றால் இன்னும் கூடும். நம் ஊரில் சோகை இல்லாத குழந்தையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் முப்பது வருடமாகப் பெயிண்ட் அடிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பழைய பூச்சை எடுக்க அவருக்குத் தெரிந்த வழி இரண்டு: ப்ளோ லாம்ப் வைத்து உருக்கிச் சுரண்டுவது, இல்லாவிட்டால் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு காய்ந்த உப்புத்தாளால் தேய்ப்பது. ஒன்று புகையைக் கிளப்பும், மற்றது தூசியை. “இந்தத் தூசியில்தானே தம்பி இத்தனை வருடமும் சோறு தின்றேன்” என்றார். “அண்ணே, அதைத்தான் நானும் சொல்கிறேன்” என்றேன். அவர் உடனே ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்று, வெற்றிலை போடும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. ஈரத்தில் தேய்க்க அவரே வாட்டர் பேப்பரை எடுத்துக்கொடுத்தார். கார் டிங்கரிங் பட்டறையில் பழகியதாம். வேலை மெதுவாகும் என்பதால் கூலியைக் கூட்டிக் கேட்டார். நியாயம்தான், கொடுத்துவிட்டேன்.

செய்த விதம் இது. ஜன்னலின் கீழே தரையிலும் வெளித்திண்ணையிலும் கெட்டி பாலிதீன் விரித்து, ஓரங்களை டேப் ஒட்டி அடைத்தோம். செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரேயரால் நனைத்து நனைத்துத் தகட்டால் சுரண்டல், பிறகு வாட்டர் பேப்பர். துண்டுக்குப் பதில் இருவருக்கும் நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி வைத்த ரப்பர் முகக்கவசம். புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாலே போதும் போதும் என்றாகிவிடும். காலை பத்து மணிக்கு மேல் நாங்கள் வேலை செய்வதில்லை. துடைப்பத்தைத் தொடக் கூடாது, ஈரத்துணிதான். வேலைத் துணிகளைத் தனியாக நனைத்துத் துவைக்க வேண்டும். சுருள் வேலைப்பாடு உள்ள இடங்களுக்கு மட்டும் பெயிண்ட் ரிமூவர், அதுவும் திறந்த முற்றத்தில். அந்த ஆவியும் நல்லதல்ல. காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டால் சுலபம் என்று தச்சர் சொன்னார். ஒரு துண்டுக் கட்டையில் செய்து பார்த்தேன், தேக்கு கறுத்து நார் எழும்பிவிட்டது.

இனி எழுதுவதைப் படிப்பவர்கள் அவரவர் வீட்டுக் கொல்லையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். உளுத்துப்போன ஜன்னல் சட்டங்களை எங்கள் வீட்டில் என்ன செய்வார்கள்? வெந்நீர் அடுப்புக்குப் போடுவார்கள். மரம் எரிந்துபோகும், பெயிண்டில் இருந்த காரீயத்தில் பெரும்பகுதி சாம்பலில் நிற்கும். அந்தச் சாம்பலைத்தான் கிணற்றடியில் தேங்காய் நாரில் தொட்டுப் பாத்திரம் தேய்த்தார்கள். பெயிண்ட் அடித்த கட்டை இப்போது எங்கள் அடுப்புக்குப் போவதில்லை. சுரண்டிய செதில்களும் அழுக்குத் துணியும் மூடியிட்ட தகர டின்னில் சேர்கின்றன. வீட்டு அபாயக் குப்பையைத் தனியாக வாங்க வேண்டும் என்று 2016-இலேயே திடக்கழிவு விதிகள் சொல்லிவிட்டன. வாங்க ஆள் வரும்வரை டின் பரணில் இருக்கும்.

காரீயம் என்று தேட ஆரம்பித்ததும் சமையலறைக்குள்ளும் போகாமல் இருக்க முடியவில்லை. பாட்டியின் ஈயச்சொம்பு சுத்த வெள்ளீயம்தானா (டின்), காரீயம் கலந்ததா? ஒரு சின்னக் கணக்கால் ஓரளவு பார்க்கலாம். சொம்பின் எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சமையலறைத் தராசில் ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, சொம்பை நூலில் கட்டி, அடி தொடாமல், உள்ளே காற்றுக் குமிழி தங்காமல் முழுக்க முக்க வேண்டும். தராசு எத்தனை கிராம் கூடுதலாகக் காட்டுகிறதோ அத்தனை கன சென்டிமீட்டர் அதன் கன அளவு. எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. வெள்ளீயத்துக்கு 7.3, காரீயத்துக்கு 11.3. பாதிக்குப் பாதி கலந்திருந்தால் 9-ஐ நெருங்கும். எங்கள் சொம்பு ஏழரையை ஒட்டி வந்தது. பெரிய கலப்படம் இல்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஐந்து சதவீதம் கலந்தால் 7.4-தான் வரும், வீட்டுத் தராசுக்கு அந்த வித்தியாசம் பிடிபடாது. புளியும் தக்காளியும் கொதிக்கும் பாத்திரத்தில் ஐந்து சதவீதமே அதிகம். “உன் பாட்டி தொண்ணூறு வயது வரைக்கும் அதில்தான் ரசம் வைத்தார்” என்கிறார் அம்மா. சொம்பு ஷோகேஸுக்கும் அடுப்படிக்குமாக இன்னும் அலைந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் இருந்த மற்ற ஆபத்துகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொல்லைத் தாழ்வாரத்தின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் துளை போடாமல், தேய்த்துக் கழுவாமல் அப்படியே விட்டுவிட்டேன். மரச்சட்டத்தில் ஓடிய ரப்பர் உறை ஒயர்கள் தொட்டால் பொடியாக உதிர்ந்தன. எலக்ட்ரீசியன் அவற்றை எடுத்துவிட்டு, பீங்கான் கட்-அவுட் இருந்த இடத்தில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்தார். உண்மையைச் சொன்னால், உயிருக்கு உடனடி ஆபத்து என்று பார்த்தால் பெயிண்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

எல்லா ஜன்னலையும் தேக்கு நிறத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன். உரசும் ஓரங்கள், திண்டு, குழந்தைக்கு எட்டும் உயரம் வரையுள்ள கம்பிகள், இவற்றில் மட்டும் பூச்சைச் சுத்தமாக எடுப்பது. பூச்சு இறுக்கமாக நிற்கும் மற்ற இடங்களை ஈரத்தில் லேசாகத் தேய்த்து, காரீயமில்லாத பிரைமரும் எனாமலும் அடித்து மூடிவிடுவது. கூடத்து ஜன்னல்களும் வாசல் ரேழி ஜன்னலும் இப்படி முடிந்துவிட்டன. கூடத்தில் ஒரே ஒரு ஜன்னலை மட்டும் ஆசைக்காக முழுக்கச் சுரண்டி ஆளிவிதை எண்ணெய் கொடுத்திருக்கிறேன். பெயிண்டர் அண்ணன் பார்த்துவிட்டு, மற்றவற்றோடு சேராமல் மொட்டையாக இருக்கிறது என்றார்.

அடுத்தது கொல்லைப்புற ஜன்னல். இத்தனை வருடச் சுரண்டல் தூளெல்லாம் அதன் கீழே மண்ணில்தான் விழுந்திருக்கும். அங்கே இருந்த கீரைப்பாத்தியைக் கிணற்றடிக்கு மாற்றியாகிவிட்டது. மண்ணைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன்.