மாத்திரை சுலபமாகக் கிடைத்தது, தமிழில் பேசத்தான் ஆள் கிடைக்கவில்லை

மனச்சோர்வுக்கு மேல்சிகிச்சை பார்க்கச் சொல்லி அரசாங்க கிளினிக் டாக்டர் கொடுத்த கடிதத்தில் சாப் (முத்திரை) இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரி கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது, சாப் மட்டும் இல்லை. தோழியிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, எங்கள் தோட்டப் பட்டணத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் போனவள் நான். திரும்பி நடக்கக்கூடத் தெம்பில்லை. மனச்சோர்வோடு வருகிறவர்களை இப்படி அலையவிடுவது கொடுமை. கடிதம் கைக்கு வந்ததும் அந்த அறையிலேயே நின்று சாப், பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர் எல்லாம் சரியா என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால் டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருந்தேன். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, பிள்ளை கூப்பிட்டால்கூட எரிச்சல் வருகிறது என்றேன். தூக்க மாத்திரை கொடுத்து, "ரொம்ப யோசிக்காதம்மா" என்றார்கள். அது தினமும் போட்டால் பழகிப்போகும், மனச்சோர்வுக்கு அது மருந்தும் இல்லை. இதை எனக்குச் சொன்னவர் பிறகு வந்த மருந்தாளர்தான்.

மாமியார் முனியாண்டி கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார். கட்டிக்கொண்டேன். அவர் பயமெல்லாம் ஊர் வாய்தான். "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்னு பேசுவாங்கம்மா" என்றார். 1911-இல் மனநல ஆஸ்பத்திரி திறந்த ஊர் அது. எங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் அந்தப் பெயரைச் சொல்லியே எத்தனை பேரை வைதிருக்கிறார்கள்! ஆனால் உதவி கேட்டுப் போகிறவர்களை யாரும் எடுத்த எடுப்பில் அங்கே அனுப்புவதில்லை. காய்ச்சலுக்குப் போகிற அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் போதும், அங்கேயே ஆரம்பிக்கலாம்.

அங்கே 21 கேள்விகள் உள்ள மலாய் பாரம் ஒன்றைத் தந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை வட்டம் போட வேண்டியிருந்தது. கவுண்டர் பெண், "மனநலப் பாரம் யாருக்கு?" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கூவினார். பின்வரிசையில் எங்கள் லயத்து அக்கா உட்கார்ந்திருந்தார். வாழ்க்கைக்கு அர்த்தமில்லை என்ற கேள்விக்கு, ஹேண்ட்பேக்கை மடியில் நிறுத்தி மறைத்துக்கொண்டு வட்டம் போட்டேன். தனியாக உட்கார்ந்து எழுத இடம் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

சாக வேண்டும் என்று தோன்றியதா என்று டாக்டர் கேட்டபோது போலீஸ் கேஸ் ஆகுமோ என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆவது பிரிவை 2023-இல் எடுத்துவிட்டார்கள் என்று தாதிதான் மெல்லச் சொன்னார். அதற்கப்புறம்தான் உண்மையைச் சொல்ல முடிந்தது.

லேசான சோர்வென்றால் பேச்சு சிகிச்சையிலேயே ஆரம்பிக்கலாம், உங்களுக்கு அதைத் தாண்டிவிட்டது, பேச்சும் மாத்திரையும் சேர்ந்தால்தான் நல்லது என்றார் டாக்டர். எனக்கு மருந்து வேண்டாம், பேச்சு மட்டும் போதும் என்றிருந்தது. அடிமையாகிவிடுவேனோ என்ற பயம். மருந்தாளர் பொறுமையாக விளக்கினார். எனக்கு எழுதிக் கொடுத்த மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின், தூக்க மாத்திரை மாதிரி ஏங்கவைக்காது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும், உடம்பில் ஷாக் அடிப்பதுபோல் இருக்கும், டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். முதலில் பாதி மாத்திரை. குமட்டியது, பசியாறிய பிறகு போட்டால் தாங்கியது. பலன் தெரிய சில வாரம் பிடிக்கும், அதுவரை ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். அங்கேதான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வீட்டில் இளம்பிள்ளைகள் இந்த மருந்தைத் தொடங்கினால் முதல் சில வாரம் கண்ணிலேயே வைத்திருங்கள், தற்கொலை எண்ணம் சிலருக்குக் கூடலாம்.

பேச்சுக்குத்தான் அலைச்சல். முதலில் அமைந்த கவுன்சிலர் நல்ல மனுஷி, ஆனால் மலாயில்தான் பேசினார். வேலை, சம்பளம், தூக்கம் எல்லாம் மலாயில் சொல்லிவிடலாம். அப்பா குடித்துவிட்டு வந்த ராத்திரிகளில் அம்மா எங்களைச் செம்பனைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு ஓடியதை எப்படிச் சொல்வது? "பெனாட், பெனாட்" என்று சோர்வையே சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே விசாரித்தால் ஒரு மணி நேரத்துக்கு 150, 200 வெள்ளி என்றார்கள். அதற்கு எங்கே போவது? (முடிந்தவர்கள் போகலாம். 1998 கவுன்சிலர் சட்டப்படி பதிவு செய்தவரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.)

கடைசியில் சாப் போட்ட கடிதத்தோடு திரும்பிப் போனபோது, தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று கவுண்டரிலேயே கேட்டேன். இல்லை என்றார்கள். உள்ளே டாக்டரிடம் மறுபடி கேட்டேன். இருந்தார்! வாரத்தில் ஒரு நாள் வருகிற பெண். நாமாகக் கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை.

அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கிவரச் சொன்னார். நடந்தது ஒரு பக்கம், அப்போது மனதில் ஓடியது ஒரு பக்கம். "பிள்ளை சாப்பிடவில்லை" என்பதற்கு எதிரே "நான் உதவாத அம்மா" என்று என் கையெழுத்தில் இருந்தது. அதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். மாத்திரை தூக்கத்தைத் திருப்பித் தராமல் இருந்திருந்தால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பதில் தேடியிருக்கவே மாட்டேன். மாத்திரை மட்டும் போட்டிருந்தால் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நன்றாகிவிட்டேனே, நிறுத்தட்டுமா என்று போன தடவை டாக்டரிடம் கேட்டேன். நன்றான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது எடுக்க வேண்டும் என்றார். சரி என்று வாங்கி வந்தேன். அப்பாய்ன்மெண்ட் வரை பொறுக்க முடியாத நாளுக்கு 15555, ஹீல் லைன் என்ற அரசாங்க மனநல உதவி எண். ராத்திரி நேரத்துக்கு, மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் தொண்டர்களான பிஃப்ரெண்டர்ஸ், 03-7627 2929. இரண்டையும் என் போனிலும் மாமியார் போனிலும் பதிந்து வைத்திருக்கிறேன்.