குன்னூரில் சொன்ன தீர்ப்பு கோவையிலும் செல்ல வேண்டும்

வீட்டில் நாலு நண்பர்கள் சேர்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாட்டம் ஆடும்போது, கதையை நடத்தும் டிஎம் (டஞ்சன் மாஸ்டர்) வைத்ததுதான் சட்டம். ஒரு விதி பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். அடுத்த வாரமும் அதே ஆட்கள்தானே உட்காரப்போகிறார்கள். லீக் ஆட்டம் அப்படியில்லை. எல்லா ஊர் மேசைகளுக்கும் பொதுவான விதிகளோடு 2014இல் தொடங்கிய அட்வென்ச்சரர்ஸ் லீக்கின் அடிப்படையே, குன்னூரில் ஆடிய கேரக்டரை அடுத்த மாதம் கோவையிலோ பெங்களூரிலோ முன்பின் தெரியாதவர்கள் நடுவில் ஆடலாம் என்பதுதான். அதனால்தான் அங்கே கேரக்டரின் வலிமை, அறிவு போன்றவற்றுக்கான ஸ்கோர்களை டைஸ் உருட்டி எடுப்பதில்லை. 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களைப் பிரித்துப் போடலாம், அல்லது 27 பாயிண்டுக்குள் வாங்கலாம். லெவல் ஏறும்போது ஹிட் பாயிண்டும் (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) புத்தகத்தில் உள்ள நிலையான எண்தான். வீட்டில் உருட்டியபோது 18 விழுந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கண்ணால் பார்க்காத மேசை எப்படி ஏற்கும்?

ஊட்டிக்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. ஸ்னூக்கரை 1875இல் ஜபல்பூரில் உருவாக்கியவர் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி (பின்னாளில் பிரதமரானவர் வேறு ஆள்). அதன் விதிகள் பின்னர் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன. சுவரில் எழுத்து இருந்தால் அதை இன்னொரு ஊருக்கு எடுத்துப்போகலாம். வாய்ப்பேச்சு அந்த மேசையோடு நின்றுவிடும்.

நம் மேசைகளில் எழும் சண்டைகளில் பெரும்பாலானவை விதியைத் தெரியாததால் வருவதில்லை, சொல்லைக் கலப்பதால் வருகின்றன. தமிழில் பேசிக்கொண்டே ஆடும்போது டர்ன், ரவுண்டு இரண்டையும் ‘ரவுண்டு’ என்றே சொல்லிவிடுகிறோம். டர்ன் என்பது ஒருவருடைய முறை. எல்லோருடைய முறையும் ஒரு சுற்று வந்தால் அது ரவுண்டு, கதைக்குள் ஆறு வினாடி. ரோக் என்ற கிளாஸுக்கு (கேரக்டரின் தொழில் வகை) அடியில் கூடுதல் டைஸ் தரும் ஸ்னீக் அட்டாக் ‘டர்னுக்கு ஒரு தடவை’. ‘ரவுண்டுக்கு ஒரு தடவை’ என்று நினைக்கும் டிஎம், எதிரியின் டர்னில், விலகி ஓடுபவரை அடிக்கும் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்கை ரோக் அடிக்கும்போது கூடுதல் டைஸைத் தர மறுப்பார். அது தவறு. மற்ற நிபந்தனைகள் பொருந்தினால் அங்கேயும் ஸ்னீக் அட்டாக் உண்டு. ரியாக்‌ஷன் (எதிர்வினையாகச் செய்யும் செயல்) ஒன்றுதான் என்பதே அதற்குப் போதுமான கட்டுப்பாடு.

அட்டாக் (ஒரு அடி) என்பதும் அட்டாக் ஆக்‌ஷன் (டர்னின் முக்கியச் செயலாக அடிப்பது) என்பதும் இதே மாதிரிதான். எக்ஸ்ட்ரா அட்டாக் கிடைப்பது தன் டர்னில் அட்டாக் ஆக்‌ஷன் எடுப்பவருக்கு மட்டும். ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்கில் இரண்டாம் அடி கிடையாது. லெவல் என்ற சொல்லும் புதியவர்களைக் குழப்பும்: மூன்றாம் லெவல் விசார்டால் (மந்திரவாதி) மூன்றாம் லெவல் ஸ்பெல் (மந்திரம்) போட முடியாது, அதற்கு ஐந்தாம் லெவல் வரவேண்டும். ஆகவே தமிழில் ஆடினாலும் விதிச்சொற்களை ஆங்கில உச்சரிப்பிலேயே விட்டுவிடுவது நல்லது. மொழிபெயர்த்தால் நுணுக்கம் போய்விடும்.

இப்போது இன்னொரு கலப்படமும் சேர்ந்திருக்கிறது. ஒருவர் கையில் 2014 விதிப்புத்தகம், பக்கத்தில் இருப்பவரிடம் 2024 விதிப்புத்தகம். ஹீலிங் போஷன் (காயம் ஆற்றும் மருந்து) குடிக்க முன்பு ஒரு ஆக்‌ஷன் முழுதாகப் போகும், புதியதில் போனஸ் ஆக்‌ஷன் (கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயல்) போதும். பழையதில், போனஸ் ஆக்‌ஷனில் ஸ்பெல் போட்டால் அந்த டர்னில் ஒரு ஆக்‌ஷன் எடுக்கும் கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவாகாத எளிய ஸ்பெல்) தவிர வேறு ஸ்பெல் கூடாது. புதியதில், ஒரு டர்னில் ஸ்பெல் போட ஒரு ஸ்லாட்டுக்கு (ஸ்பெல் போட வைத்திருக்கும் இருப்பு) மேல் செலவழிக்கக்கூடாது. எந்தப் புத்தகப்படி ஆடுகிறோம் என்பதை முதல் டைஸ் உருளும் முன்பே கேட்டு முடித்துவிடுங்கள்.

நடுவில் சந்தேகம் வந்தால் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். கேட்டவரே பக்கத்தைத் திறந்து வாக்கியத்தைச் சத்தமாகப் படிக்கட்டும். மலையில் சிக்னலை நம்ப முடியாது, பிடிஎஃப்பை முதல் நாளே போனில் இறக்கி வையுங்கள். பதில் கிடைக்காவிட்டால் டிஎம் ஒரு முடிவு சொல்லி, அதை நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். மிச்ச வாதம் ஆட்டம் முடிந்த பிறகு. இங்கே டிஎம்முக்கு இருப்பது விளக்கும் அதிகாரம், மாற்றும் அதிகாரமல்ல. மேசை பலவீனமாக இருந்தால் சண்டையை இலகுவாக்கலாம். லீக் அனுமதித்த ஒரு கிளாஸைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று தடுக்க முடியாது, சாகசத்தில் இல்லாத மேஜிக் பொருளைப் பரிசாகத் தரவும் முடியாது.

அந்த இரண்டு நிமிட வரம்பை ஒரே இடத்தில் தளர்த்தலாம்: கேரக்டர் சாகும் இடத்தில். ஹிட் பாயிண்ட் ஜீரோவில் கிடப்பவர்மேல் அடி விழுந்தால் ஒரு டெத் சேவ் (உயிர் பிழைக்க உருட்டும் டைஸ்) தோல்வி, அது கிரிட்டிக்கலானால் (இரட்டிப்பு டைஸ் அடி) இரண்டு. ஜீரோவுக்குக் கீழே மிஞ்சும் டேமேஜ் அவருடைய முழு ஹிட் பாயிண்டைத் தொட்டால் உடனே மரணம். முதல் லெவலில் இது அடிக்கடி நடக்கும். செத்தவரை எழுப்பும் ரிவைவிஃபை ஸ்பெல்லுக்கு 300 கோல்டு மதிப்புள்ள வைரம் வேண்டும், அதுவும் செத்த ஒரு நிமிடத்துக்குள். மாதக்கணக்கில் வளர்த்த கேரக்டர் ஒரு தவறான கணக்கில் போகக்கூடாது. எண்களை இருவர் சரிபாருங்கள். விதி தெளிவில்லையென்றால் ஆடுபவர் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

விதியைத் தாண்டிய மனக்குறைகளும் உண்டு, அவற்றுக்குப் புத்தகத்தில் பக்கம் கிடையாது. ஒருவரே எல்லோருக்கும் யோசனை சொல்வது முதலாவது. புதிதாக வந்தவர் யோசிக்கும் அரை நிமிடத்தை அவருக்கே விட்டுவிட வேண்டும். அடுத்தது மொழி. கோத்தகிரிப் பக்கம் மூவர் படுகில் பேசிக்கொள்ள, கேரளத்திலிருந்து வந்தவர் விழித்துக்கொண்டிருப்பார். பக்கப்பேச்சு எதில் வேண்டுமானாலும் இருக்கலாம், ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று அறிவிப்பது மட்டும் எல்லோருக்கும் புரியும் மொழியில் இருக்கட்டும். மூன்றாவது, கதையில் வரும் சித்திரவதை, குழந்தைகளுக்கு நேரும் தீங்கு போன்றவை. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டை மேசை நடுவில் வையுங்கள். யாராவது தொட்டால் அந்தக் காட்சி அத்தோடு நிற்கும், காரணம் கேட்கக்கூடாது. ஹாஸ்டல் மாணவர்கள் சேரும் மேசையில் இது கட்டாயம் வேண்டும் என்பேன். புகார் இருந்தால் முதலில் டிஎம்மிடம் தனியாக, பிறகு ஏற்பாட்டாளரிடம். வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டு எழுதினால் இருவருமே அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

நேரக்கணக்கும் இங்கே வேறு. நாலு மணி நேர சாகசம் ஏழு பேர் மேசையில் ஐந்தாக நீளும். ஐந்து பேரோடு நிறுத்தி, காலை பத்துக்கே தொடங்கினால் கடைசிச் சண்டையை அவசரப்படுத்த வேண்டியிராது. இருட்டிய பிறகு காட்டுமாடு நிற்கும் தேயிலைத் தோட்டத்து வழியில் யாரையும் தனியாக அனுப்பக்கூடாது. பாதியில் பஸ் பிடிக்கக் கிளம்புகிறவர் இருந்தால், அவர் எழும்போதே லாக் ஷீட்டை நிரப்பிவிடுங்கள்: தேதி, சாகசத்தின் பெயர், கிடைத்த கோல்டு, பொருள், செலவான போஷன், டிஎம் பெயர். பென்சிலால் எழுதுங்கள். பனிமூட்ட நாளில் தாள் ஈரம் இழுத்து, மைப்பேனா எழுத்து ஊறிவிடும்.